என் தம்பியோட யு.எஸ். ஆர்மி டிஸ்சார்ஜ்: ஓடிஎச்ல இருந்து ஜெனரல் வரைக்கும்

ராணுவத்துல இருந்து கெட்ட பேரோட அனுப்பினாலும் ஆறு மாசம் போனா அந்த டிஸ்சார்ஜ் (விடுவிப்பு வகை) தானாவே ஹானரபிளா, அதாவது நல்ல பேரோட வந்ததா, மாறிடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. 2013ல என் தம்பியை யு.எஸ். ஆர்மில இருந்து அனுப்பும்போது கூட இருந்த பசங்க அப்படித்தான் சொல்லி அனுப்பிருக்காங்க, அவனும் அதை நம்பி காத்துக்கிட்டே இருந்தான், வருஷம் ஓடிருச்சு. அப்படி ஒரு விதியே கிடையாது. நாமதான் அப்ளை பண்ணணும், நாமதான் ஆதாரம் குடுக்கணும், ராணுவத்தோட மறுபரிசீலனை போர்டு ஏத்துக்கிட்டாதான் மாறும். இந்த ஒரு தப்பான பேச்சால எத்தனை பசங்க ட்ரீட்மெண்ட் இல்லாம வேலை இல்லாம கெடக்கறாங்களோன்னு நெனச்சா வயிறு எரியுது, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

எங்களுக்கு திண்டுக்கல் பக்கம். நான் கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தேன், தம்பி எம்.எஸ். படிக்க ஸ்டூடண்ட் விசால வந்தான். அப்ப அமெரிக்க ராணுவத்துல மாவ்னினு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிரீன் கார்டு இல்லாட்டியும் சில மொழிகள் தெரிஞ்சவங்க சேரலாம், அந்த லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, மலையாளம், சிங்களமும் இருந்துச்சு. பேசிக் ட்ரெயினிங் முடியறதுக்குள்ள சிட்டிசன்ஷிப் கிடைச்சுரும். 2016ல புதுசா ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. இவன் 2009ல சேர்ந்தவன். ட்ரக் ஓட்டற வேலை. 2011ல ஆப்கானிஸ்தான்ல காந்தஹாருக்கு அனுப்பினாங்க, சாமான் ஏத்திக்கிட்டு கான்வாயா போகும்போது இவன் வண்டிக்கு முன்னாடி வண்டி குண்டுல மாட்டுச்சு, இவன் தலையும் ஸ்டீயரிங்ல நல்லா அடிச்சிருக்கு, காதுல ரெண்டு நாள் சத்தம் நிக்கலையாம். அன்னைக்கு முன்னாடி வண்டில இருந்தவன் இவனோட ரூம்மேட்.

திரும்பி வந்ததுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் இல்ல, குடி, அப்புறம் தூங்கறதுக்காக கஞ்சா, யூரின் டெஸ்ட்ல மாட்டுனான். அதுக்கப்புறம் ஒரு நாள் லீவு சொல்லாம கெளம்பி எங்க வீட்டுக்கு வந்துட்டான், சில வாரம் இருந்தான். ஆர்மி பாஷைல அது ஏவால், அனுமதி இல்லாம காணாம போறது. நாங்க பேசி திருப்பி அனுப்பினோம். அங்க போனதும் ஒரு பேப்பரை நீட்டி, போர்டு, அதாவது அனுப்பறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்தைக் கேக்கற விசாரணைக் குழு, வேண்டாம்னு எழுதிக் குடுத்தா சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிருக்காங்க, அவனுக்கு அந்த எடத்தை விட்டு போனா போதும்னு இருந்துச்சு, கையெழுத்து போட்டுட்டான். வந்துச்சு ஓடிஎச்.

ஓடிஎச்னா அதர் தேன் ஹானரபிள். மொத்தம் அஞ்சு வகை இருக்கு. ஹானரபிள், அதுக்கு கீழ ஜெனரல், அதுக்கு கீழ ஓடிஎச், இந்த மூணும் நிர்வாக முறைல குடுக்கறது. பேட் காண்டக்ட், டிஸ்ஹானரபிள் ரெண்டும் கோர்ட் மார்ஷியல்ல, அதாவது ராணுவ நீதிமன்றத்துல, தீர்ப்பாகி குடுக்கறது. என் தம்பி மாதிரி நிறைய பேர் கோர்ட் பக்கமே போகாம ஓடிஎச் வாங்கறாங்க, அதனால "எனக்கு தண்டனை எதுவும் இல்ல, அனுப்பிட்டாங்க அவ்வளவுதான்"னு நெனச்சுக்கறாங்க. ஆனா அந்த மூணு எழுத்து தண்டனை மாதிரியே வேலை செய்யும். ஜிஐ பில் படிப்பு காசு போச்சு, விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) குடுக்கற வீட்டுக் கடன் போச்சு, ஊனத்துக்கான மாசப் பணம் சிக்கல், வேலைக்குப் போற எடத்துல டிடி 214, அதாவது ராணுவ விடுவிப்புச் சான்று, கேட்டா அதுல அச்சுல இருக்கும்.

எங்களை மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இதை யாருமே எங்களுக்கு சொல்லல. ராணுவ சேவையை வெச்சு சிட்டிசன்ஷிப் வாங்கினவங்க மொத்தம் அஞ்சு வருஷம் மரியாதையா சேவை செய்யறதுக்கு முன்னாடி ஓடிஎச் மாதிரி டிஸ்சார்ஜ்ல வெளிய வந்தா, அந்த சிட்டிசன்ஷிப்பையே ரத்து பண்ண சட்டத்துல எடம் இருக்கு. குடியுரிமைச் சட்டம் 329வது பிரிவு. எல்லாருக்கும் பண்றாங்கன்னு நான் சொல்லல, ஆனா அந்தக் கத்தி தலைக்கு மேல இருக்கு. இவன் நாலு வருஷம் கூட முழுசா முடிக்கல. இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்தான், இனிமே காத்திருக்கக்கூடாது, வக்கீலைப் பாருன்னு சொன்னார்.

இன்னும் சர்வீஸ்ல இருக்கற பசங்க யாராவது இதைப் படிச்சா ஒரே விஷயம்: யாரு என்ன பேப்பர் நீட்டினாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ட்ரயல் டிஃபென்ஸ் சர்வீஸ்ல இருக்கற ராணுவ வக்கீலைப் பாருங்க, இலவசம், அவர் உங்க பக்கம்தான் பேசுவார். ஓடிஎச் குடுக்கப் போறாங்கன்னா போர்டு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. விட்டுத்தான் குடுக்கணும்னா கூட, ஜெனரலுக்குக் கீழ போகாதுன்னா விட்டுக் குடுக்கறேன்னு நிபந்தனையோட எழுதிக் குடுக்க வழி இருக்கு. வெளிய வந்து வருஷக்கணக்கா போராடறதை விட உள்ள இருக்கும்போது ஒரு வாரம் பொறுத்துக்கறது எவ்வளவோ மேல்.

சரி, வெளிய வந்தாச்சு. எங்க போறது? ரெண்டு கதவு இருக்கு. ஒண்ணு டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு, டிடி 293 ஃபார்ம், டிஸ்சார்ஜ் ஆன தேதில இருந்து 15 வருஷத்துக்குள்ள போடணும், ஜெனரல் கோர்ட் மார்ஷியல்ல வந்த டிஸ்சார்ஜை மட்டும் இவங்க தொட மாட்டாங்க. இன்னொண்ணு ரெக்கார்டு திருத்தற போர்டு, டிடி 149 ஃபார்ம், தப்பைக் கண்டுபிடிச்சு 3 வருஷத்துக்குள்ளங்கறது விதி, ஆனா நியாயம் இருந்தா தாமதத்தை மன்னிச்சு எடுத்துக்குவாங்க. 15 வருஷம் தாண்டாதவங்க முதல் கதவைத்தான் முதல்ல தட்டணும்.

முதல் கதவுலயே ரெண்டு வாய்ப்பு ஒளிஞ்சிருக்கு. பேப்பரை மட்டும் பாத்து முடிவு சொல்லுங்கன்னு கேக்கலாம், இல்ல நான் நேர்ல பேசறேன்னு கேக்கலாம். பேப்பர் ரிவ்யூ முதல்ல கேட்டு அது தோத்தா, அப்புறம் அந்த 15 வருஷத்துக்குள்ள நேர்ல பேசற ஹியரிங் கேக்கலாம். ஹியரிங்கை முதல்லயே கேட்டுட்டா பேப்பர் ரிவ்யூங்கற வாய்ப்பு அதோட போச்சு. அதனால கெடுவுக்கு நாள் நெறைய இருந்தா பேப்பர்ல ஆரம்பிங்க, அவங்க மறுக்கும்போது எதுக்கு மறுத்தாங்கன்னு எழுதி அனுப்புவாங்க, அந்த லெட்டர்ல இருந்துதான் எங்களுக்கு உண்மையான பாடமே கெடச்சுது. 14வது வருஷத்துல இருக்கறவங்க நேரா ஹியரிங் கேளுங்க.

ஃபார்மை நிரப்பறதுக்கு முன்னாடி ரெக்கார்டு வாங்கணும், இதுல அவசரப்படாதீங்க. டிடி 214ல கீழ்ப்பாதி இல்லாத காப்பியும் உண்டு, மெம்பர் 4 காப்பிதான் வேணும். அதுல 24வது கட்டத்துல டிஸ்சார்ஜ் வகை, 25ல எந்த விதிப்படி அனுப்பினாங்க, 26ல பிரிவுக் கோடு, 27ல திரும்ப சேரலாமாங்கற கோடு, 28ல காரணம் வார்த்தைல. நிறைய பேர் 24ஐ மட்டும் மாத்தச் சொல்லி எழுதறாங்க. 24ல ஹானரபிள்னு வந்து 28ல "மிஸ்காண்டக்ட், ட்ரக் அப்யூஸ்"னு அப்படியே இருந்தா வேலை குடுக்கறவன் கண்ணுக்கு எது தெரியும்? அஞ்சையும் சேத்து கேளுங்க. காரணத்தை "செக்ரடேரியல் அத்தாரிட்டி"னு மாத்தச் சொல்லி கேக்கறது வழக்கம், அதுல நல்லது கெட்டது எதுவுமே சொல்லிருக்காது.

டிடி 214 மட்டும் போதாது. முழு பர்சனல் ஃபைல், ராணுவத்துல இருந்தப்ப எடுத்த மெடிக்கல் ரெக்கார்டு, டிஸ்சார்ஜ் பண்ணின அந்த ஃபைல் மொத்தமும் வேணும். செயின்ட் லூயிஸ்ல இருக்கற தேசிய ராணுவ ஆவண நிலையத்துக்கு எஸ்எஃப் 180 ஃபார்ம்ல எழுதிக் கேக்கலாம், ஆன்லைன்லயும் கேக்கலாம், காசு கிடையாது. (வயசான சித்தப்பா பெரியப்பா யாருக்காவது கேக்கறீங்கன்னா, 1973ல அங்க பெரிய தீ விபத்து நடந்து 1912ல இருந்து 1960 வரைக்கும் ஆர்மியை விட்டு வந்தவங்களோட ஃபைல் பெரும்பகுதி எரிஞ்சுருச்சு, அவங்களுக்கு வேற வழில தேடணும்.)

எங்களுக்கு கட்டு கட்டா பேப்பர் வந்துச்சு. அதுல ஒரே ஒரு ஃபார்ம்தான் கேஸையே தூக்கி நிறுத்துச்சு. டிடி 2796, போர்க்களத்துல இருந்து திரும்பி வரும்போது எல்லாரும் நிரப்பற உடல்நல ஃபார்ம். குண்டு வெடிச்ச எடத்துல இருந்தியா, ஆமா. அதுக்கப்புறம் தலை சுத்தல், காதுல சத்தம், ஆமா. கெட்ட கனவு வருதா, ஆமா. எல்லாத்துலயும் டிக் அடிச்சிருக்கான், அவனுக்கே ஞாபகம் இல்ல. கஞ்சா டெஸ்ட்ல மாட்டறதுக்கு பல மாசம் முன்னாடி தேதி. அதாவது தப்பு பண்ணி மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் கதை கட்டறான்னு யாரும் சொல்ல முடியாது. உங்க கட்டுலயும் முதல்ல இதைத் தேடுங்க. கூடவே டிடி 2900ம் பாருங்க, அது திரும்பி வந்து மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மறுபடி கேக்கறது.

இன்னொண்ணும் அந்தக் கட்டுல தேடணும், அது இருக்கான்னு இல்ல, இல்லையான்னு. அமெரிக்கச் சட்டத்தோட 10ஆம் தொகுப்புல 1177வது பிரிவுனு ஒண்ணு இருக்கு. கடைசி 24 மாசத்துல வெளிநாட்டுப் போர்ப் பணிக்குப் போய் வந்தவன், பிடிஎஸ்டியோ (கொடூரமான சம்பவத்துக்கு அப்புறம் வர்ற மனநோவு) தலைக்காயமோ இருக்குன்னு கண்டுபிடிச்சிருந்தா, இல்ல நியாயமான காரணத்தோட அவனே இருக்குன்னு சொல்லிருந்தா, ஓடிஎச் குடுத்து அனுப்பறதுக்கு முன்னாடி டாக்டர் பரிசோதிச்சு இந்த தப்புக்கும் அந்த நோவுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாத்திருக்கணும். தம்பி ஃபைல்ல அந்தப் பரிசோதனைப் பேப்பர் எங்கயும் இல்ல. போர்டு ரெண்டு விஷயம் பாக்கும், விதிப்படி நடந்துச்சாங்கறது ஒண்ணு, நியாயமா இருக்காங்கறது இன்னொண்ணு. இந்த 1177 முதல் கேள்விக்கு எங்களுக்கு கெடச்ச பிடி.

ட்ரீட்மெண்ட் விஷயத்தை இங்கயே சொல்லிடறேன், ஏன்னா அதுல இருந்துதான் பாதி ஆதாரம் வரும். ஓடிஎச்னா எந்த ஆஸ்பத்திரியும் பாக்காதுன்னு தம்பி முடிவே பண்ணிருந்தான், ஒரு எடத்துல கவுண்டர்ல இருந்தவங்க பேப்பரை பாத்துட்டு உனக்கு தகுதி இல்லன்னு வாய்ல சொல்லி அனுப்பிருக்காங்க. வாய்ல சொல்றதை ஏத்துக்காதீங்க, எழுத்துல அப்ளை பண்ணுங்க. ஆர்மி போர்டு வேற, விஏ வேற. ஓடிஎச்காரங்களுக்கு விஏ தனியா விசாரிச்சு, எங்க சலுகைக்கு இவர் தகுதியானவரான்னு அவங்களே முடிவு பண்ணலாம், டிஸ்சார்ஜ் பேப்பர் மாறாமலே. அதுபோக 2018ல வந்த சட்டப்படி போர்க்களத்துல இருந்தவங்களுக்கு ஓடிஎச் இருந்தாலும் விஏல மனநல சிகிச்சை உண்டு. வெட் சென்டர்னு முன்னாள் படைவீரர்களுக்கு ஊருக்கு ஊர் சின்ன ஆபீஸ் இருக்கு, அங்கயும் போய் பேசலாம். தம்பி முதல்ல போனது வெட் சென்டர்தான், வீட்ல ஏழு வருஷமா எங்ககிட்ட சொல்லாததை அங்க ஒரு பழைய சோல்ஜர்கிட்ட சொன்னான். ராத்திரி நேரத்துல மனசு ரொம்ப கெட்டுப் போச்சுன்னா 988 அடிச்சு 1 அழுத்துங்க, டிஸ்சார்ஜ் என்னன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இதுல தனியா ஒரு தடை இருக்கு. ஊர்ல அம்மாகிட்ட காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு சொல்லி வெச்சிருந்தோம். மனநல டாக்டர்கிட்ட போறதுன்னாலே பைத்தியம்னு பேசற சொந்தங்க, கஞ்சான்னு வேற தெரிஞ்சா அவ்வளவுதான், பொண்ணு யாரு குடுப்பான்னு கேப்பாங்க. அந்த பயத்துல அவன் ஒரு பேப்பர்லயும் பேர் வரக்கூடாதுன்னு இருந்தான். பேர் வராம ஆதாரம் வராது, ஆதாரம் இல்லாம போர்டு அசையாது. இதை அவனுக்கு புரிய வைக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. மெடிக்கல் பேப்பரை ஊருக்கு யாரும் அனுப்பப் போறதில்லடா தம்பி, போர்டு வெளியிடற தீர்ப்புல பேரை எடுத்துட்டுத்தான் போடறாங்கன்னு எடுத்துக் காட்டினேன். அந்த பழைய தீர்ப்புகள் இணையத்துல யாரும் படிக்கற மாதிரி இருக்கு, போர்டு ரீடிங் ரூம்னு தேடினா வரும். அப்ளை பண்றதுக்கு முன்னாடி உங்க கேஸ் மாதிரியே இருக்கறதை பத்து இருபது படிங்க. எது ஜெயிச்சுது, எது தோத்துச்சு, என்ன வார்த்தைல எழுதறாங்கன்னு தெரியும். நான் சமையல் முடிச்சுட்டு ராத்திரி ராத்திரி அதைத்தான் படிச்சேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. தப்பு பண்ணினானா இல்லையான்னு இவங்க விசாரிக்கல. தப்பு பண்ணினது ஃபைல்லயே இருக்கு. அவனுக்கு நடந்ததுக்கும் அவன் பண்ணினதுக்கும் நடுவுல இருக்கற கோட்டைத்தான் தேடறாங்க. 2014ல அப்ப பாதுகாப்புத் துறை அமைச்சரா இருந்த சக் ஹேகல் ஒரு உத்தரவு போட்டார், பிடிஎஸ்டி இருந்தவங்க கேஸை தாராளமா பரிசீலிக்கணும்னு. 2017 ஆகஸ்ட் 25ல அதே துறையில இருந்து போர்டுகளுக்கு குர்ட்டா மெமோனு ஒரு வழிகாட்டல் வந்துச்சு, அதுல நாலு கேள்வி. தப்பை விளக்கற மாதிரி ஏதாவது நோவோ அனுபவமோ இருந்துச்சா? அது சர்வீஸ்ல இருக்கும்போது நடந்துச்சா? அது உண்மையிலயே அந்த தப்போட பாரத்தைக் குறைக்குதா? குறைக்கறது டிஸ்சார்ஜை விட எடை கூடவா? ராணுவத்துல நடந்த பாலியல் கொடுமைக்கும் இதே நாலு கேள்விதான், அந்த பொண்ணுங்களும் பசங்களும் கட்டாயம் இதைப் படிக்கணும், அப்ப யார்கிட்டயும் புகார் பண்ணலைன்னாலும் பரவால்ல, ஒருத்தர் தன் வாயால சொல்றதே ஆதாரமாகலாம்னு அந்த மெமோல இருக்கு. 2018 ஜூலைல வில்கி மெமோ, அது நோவு எதுவும் இல்லாதவங்களுக்கும் பொருந்தும், எவ்வளவு காலம் ஆச்சு, எப்படி வாழறான், பொறுப்பை ஏத்துக்கிட்டானா, வயசு என்ன இருந்துச்சு இதெல்லாம் பாத்து ரெண்டாவது வாய்ப்பு குடுக்கச் சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. குடி, கஞ்சா, ஏவால், லேட்டா வர்றது, மேலதிகாரிகிட்ட எதிர்த்து பேசறது, இதெல்லாம் நோவோட சேத்து போர்டு புரிஞ்சுக்கும். திட்டம் போட்டு பண்ணின திருட்டு, பண மோசடி, ஒருத்தரை அடிச்சு காயப்படுத்தினது இதுக்கெல்லாம் அந்தக் கோடு போடறது கஷ்டம். அந்த மாதிரி கேஸ்ல வில்கி மெமோ பக்கம் போய் வெளிய வந்த பிறகு வாழ்ந்த வாழ்க்கையை காட்டறதுதான் வழி.

தம்பி முதல்ல எழுதின ஸ்டேட்மெண்ட் பூராவும் கோவம். சார்ஜெண்ட் இப்படி, கமாண்டர் அப்படி, மத்தவன் பண்ணினா விட்டாங்க என்னை மட்டும் பிடிச்சாங்க. பேப்பர் ரிவ்யூக்கு அதுதான் போச்சு. கூட மெடிக்கல் பேப்பர் எதுவும் வைக்கல, அப்ப எங்களுக்கு டயக்னோஸிஸே வரல. ஒரு வருஷத்துக்கு மேல ஆகி மறுத்து லெட்டர் வந்துச்சு. அதுல அவங்க சொன்னது எளிமையான விஷயம், நீ சொல்ற நோவுக்கு ஆதாரம் இல்ல, அதுக்கும் தப்புக்கும் என்ன சம்பந்தம்னு நீ சொல்லல. ரெண்டுமே நியாயமான கேள்வி.

ரெண்டாவது தடவை நாலு கேள்வியை நாலு தலைப்பா வெச்சு எழுதினோம். குண்டு வெடிச்ச தேதி, எடம், யாரு செத்தாங்க. அன்னைக்கு ராத்திரில இருந்து தூக்கம் எப்படி இருந்துச்சு. எந்த மாசம் குடி கூடுச்சு, எப்ப கஞ்சா, ஏன். ஏவால் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு, அது ரூம்மேட் செத்த அதே தேதி, ஒரு வருஷம் கழிச்சு, இதை அவன் எழுத உக்காந்தப்பதான் அவனுக்கே தெரிஞ்சுது. எழுதிட்டு வெளிய போய் பார்க்கிங்ல ரொம்ப நேரம் நின்னான். அதுக்கப்புறம் ஒரு பத்தி, கஞ்சா பிடிச்சது தப்பு, சொல்லாம போனது தப்பு, என் இடத்துக்கு வேற ஒருத்தன் டூட்டி பாத்திருப்பான், அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு. சுத்தி வளைக்காம எழுதினான். அந்தப் பத்தியை எடுத்துறாதீங்கன்னு வக்கீலும் சொன்னாங்க.

வக்கீல் எப்படி கெடச்சாங்கன்னு சொல்லணும். முதல்ல ஒருத்தர் கியாரண்டியா ஹானரபிள் வாங்கித் தரேன்னு ஆயிரக்கணக்குல டாலர் கேட்டார். கியாரண்டி யாராலயும் தர முடியாது, அந்த வார்த்தை வந்தாலே எழுந்து வந்துருங்க. இலவசமா பண்றவங்க நிறைய இருக்காங்க. யேல், ஹார்வர்டு மாதிரி லா காலேஜ்கள்ல முன்னாள் படைவீரர்களுக்குன்னே கிளினிக் இருக்கு, மாணவர்கள் வேலை செய்வாங்க, மேல புரொஃபசர் பாத்துக்குவார். நேஷனல் வெட்டரன்ஸ் லீகல் சர்வீசஸ் ப்ரோக்ராம், வெட்டரன்ஸ் கன்சார்ஷியம் இவங்களும் வக்கீல் பிடிச்சுத் தருவாங்க. அமெரிக்கன் லீஜியன், டிஏவி மாதிரி முன்னாள் படைவீரர் சங்கங்கள்ல ஹியரிங்குக்கு கூட வந்து நிக்கற ஆட்கள் உண்டு. எங்களுக்கு ஒரு லா காலேஜ் கிளினிக்ல எடம் கெடச்சுது, காத்திருக்க வேண்டி வந்துச்சு, ஆனா அங்க படிக்கற பொண்ணுங்க ரெண்டு பேர் தம்பி கேஸை தன் வீட்டு கேஸ் மாதிரி பாத்தாங்க. இன்னொண்ணு, 2021ல கென்னடி வழக்குனு ஒண்ணு சமரசமாச்சு, 2011 ஏப்ரல் 17க்கு அப்புறம் ஆர்மி போர்டு மறுத்த பிடிஎஸ்டி, தலைக்காயம், பாலியல் கொடுமை சம்பந்தப்பட்ட கேஸ் பலதை மறுபடி பாக்கணும்னு. முன்னாடியே தோத்தவங்க உங்க கேஸ் அதுல வருமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க.

சிபாரிசு லெட்டர் பத்தி தனியா சொல்லியே ஆகணும். நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா "நல்ல குடும்பத்துப் பையன், பெரியவங்களுக்கு மரியாதை குடுப்பான், கடவுள் பக்தி உள்ளவன்"னு எழுதித் தராங்க, பாசத்துலதான், ஆனா போர்டுக்கு அதுல எடுத்துக்க எதுவும் இல்ல. எழுதறவங்க யாரு, எத்தனை வருஷமா எப்படி தெரியும், இவனுக்கு ஓடிஎச் வந்ததும் ஏன் வந்துச்சுங்கறதும் தெரியுமா, தெரிஞ்சும் ஏன் எழுதறாங்க, கண்ணால பாத்தது என்ன, இதுதான் வேணும். தமிழ்ப் பள்ளில கூட வேலை செஞ்ச ஒரு டீச்சரம்மா எழுதினது மாதிரி: சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு நாற்காலி போடறதுல இருந்து கடைசி குழந்தையை அம்மா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் நிப்பான், பட்டாசு வெடிச்ச தீபாவளி நிகழ்ச்சில கை நடுங்கி வெளிய போய் நின்னதைப் பாத்தேன், அரை மணி நேரத்துல திரும்பி வந்து வேலையை முடிச்சுக் குடுத்தான். ஒரு பக்கம்தான். ஹியரிங்ல அதைப் பத்தித்தான் கேட்டாங்க. அதே மாதிரி கூட சர்வீஸ்ல இருந்தவங்க லெட்டர் ரொம்ப முக்கியம், முன்னாடி எப்படி இருந்தான், குண்டுக்கு அப்புறம் எப்படி மாறினான்னு அவங்களாலதான் சொல்ல முடியும். தம்பி ஃபேஸ்புக்ல தேடிப் பிடிச்சு ரெண்டு பேர் எழுதிக் குடுத்தாங்க, அதுல ஒருத்தன் அன்னைக்கு பின்னாடி வண்டி ஓட்டினவன்.

டயக்னோஸிஸ் பேப்பர் வரும்போது வெறும் பிடிஎஸ்டினு ஒரு வரி போதாது. எந்த சம்பவத்தால, எப்ப ஆரம்பிச்சுது, குடியும் கஞ்சாவும் தூக்கத்துக்காக தானே மருந்து போட்டுக்கிட்ட மாதிரியா, காணாம போனது அந்த நோவுல வர்ற தப்பிச்சு ஓடற குணமா, டாக்டர் தன் கருத்தை எழுதணும். ராணுவ ரெக்கார்டு, டிடி 2796 எல்லாத்தையும் டாக்டர் படிச்சுட்டு எழுதினார்னு அதுலயே இருக்கணும். கேக்க கூச்சப்படாதீங்க, நாங்க கேட்டோம், எழுதிக் குடுத்தாங்க.

ஹியரிங் வீடியோலதான். அஞ்சு பேர் உக்காந்திருப்பாங்க, மூணு ஓட்டு விழுந்தா முடிவு. சத்தியப் பிரமாணம் வாங்கிட்டு தம்பி பேசினான், நானும் சாட்சியா பேசினேன், ஏவால் வந்தப்ப எங்க வீட்ல எப்படி இருந்தான்னு. கராஜ்ல லைட் போட்டு உக்காந்திருப்பான், கதவு சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பான், என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு, அவளைத் தூக்கவே பயந்தான். கேள்வி எல்லாம் மரியாதையாத்தான் கேட்டாங்க. ஏன் உதவி கேக்கலன்னு ஒரு மேடம் கேட்டாங்க. கேட்டேன் மேடம், அந்த ஃபார்ம்ல டிக் அடிச்சேன், அதுக்கு மேல எப்படி கேக்கறதுன்னு எனக்கு தெரியலன்னு சொன்னான். அந்த பதிலை நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க ஹியரிங்குக்கு தயாராகும்போது மனப்பாடம் பண்ணாதீங்க, ஆனா கஷ்டமான கேள்வியை வீட்ல யாராவது முன்னாடியே சத்தமா கேட்டுப் பழக்குங்க, முதல் தடவை அந்தக் கேள்வியை போர்டு வாய்ல இருந்து கேக்கற மாதிரி ஆகக்கூடாது.

முடிவு தபால்ல வந்துச்சு. ஓடிஎச்ல இருந்து ஜெனரல், காரணம் "மிஸ்காண்டக்ட், மைனர் இன்ஃப்ராக்ஷன்ஸ்", அதுக்கேத்த கோடு. நாங்க கேட்டது ஹானரபிள். ஆனாலும் ஜெனரல்னா அண்டர் ஹானரபிள் கண்டிஷன்ஸ், சிட்டிசன்ஷிப் மேல இருந்த அந்த 329வது பிரிவு பயம் அன்னைக்கோட போச்சு. விஏ ஆஸ்பத்திரி, ஊனப் பணம், வீட்டுக் கடன் எல்லாத்துக்கும் வாசல் திறந்துச்சு. புது டிடி 214 வந்ததும் அதுவா எல்லா ஆபீசுக்கும் போயிடும்னு இருக்காதீங்க, காப்பி எடுத்து விஏக்கு நீங்களே குடுத்து புதுசா அப்ளை பண்ணுங்க, முன்னாடி மறுத்த க்ளெய்ம் இருந்தா அதையும் மறுபடி திறக்கச் சொல்லுங்க.

ஜெனரல்ல கெடைக்காதது ஒண்ணே ஒண்ணு, ஜிஐ பில். அதுக்கு முழு ஹானரபிள் வேணும். தம்பி இப்ப ஏசி மெக்கானிக் வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் கம்யூனிட்டி காலேஜ் போறான், கைக்காசுலதான் ஃபீஸ். அதனால ரெண்டாவது கதவுக்குப் போயிருக்கோம், டிடி 149 போட்டாச்சு. இந்த போர்டுல மூணு பேர், எல்லாரும் சிவிலியன்கள். அதுல 1177 பரிசோதனை நடக்கலைங்கறதை முதல் பக்கத்துலயே வெச்சிருக்கோம், விஏ அப்புறம் குடுத்த பிடிஎஸ்டி ரேட்டிங்கையும் சேத்தாச்சு, முதல் போர்டே நோவு உண்டுன்னு ஒத்துக்கிட்டு எழுதின வரிகளையும் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கோம். 2013 ஜனவரி 1க்கு அப்புறம் சர்வீஸை விட்டு வந்தவங்களுக்கு ஜிஐ பில்லுக்கு 15 வருஷ கெடு கிடையாதுன்னு 2017ல சட்டம் மாத்திட்டாங்க, தம்பி அதுக்குள்ள வர்றான், அதனால முடிவு லேட்டா வந்தாலும் அந்தப் படிப்புக் காசு காலாவதி ஆகாது. அவன் கட்டின ஃபீஸ் ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்.